மெயிலில் வரும் வைரஸ்: ஒரு தப்பான கிளிக்கைத் தாங்கும்படி கணினியை வைத்துக்கொள்வது எப்படி?

"தெரியாதவர்கள் அனுப்பும் மெயிலைத் திறக்காதீர்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து அவருக்கு வருவதெல்லாம் தெரியாதவர்களின் மெயில்தான். "அண்ணே, மெயில் போட்டுட்டேன், ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால் அவர் திறந்துதான் ஆக வேண்டும். ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கு பயோடேட்டா வருவதும், ஆடிட்டர் அலுவலகத்துக்குப் புது வாடிக்கையாளரின் பில் வருவதும் இப்படித்தான்.

அந்த அறிவுரையில் இன்னொரு கோளாறும் உண்டு. தெரிந்தவர் அனுப்பியது என்றால் பயமில்லை என்று அது நம்மை நினைக்க வைக்கிறது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸின் மணிலாவில் கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் அந்த நம்பிக்கையை வைத்தே உலகம் முழுக்கப் பரவியது. ஒருவர் அதைத் திறந்தால், அவருடைய அவுட்லுக் (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருள்) முகவரிப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அவர் பெயரிலேயே போய்விடும். பிரிட்டிஷ் நாடாளுமன்றம்கூடத் தன் மெயில் வசதியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிய மாணவர் மீது வழக்கு நிற்கவில்லை. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கென்று சட்டமே இல்லை.

எனவே இந்தக் கட்டுரை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. என்றைக்காவது ஒரு நாள், அவசரத்திலோ தூக்கக் கலக்கத்திலோ, நீங்கள் தப்பான ஒன்றைக் கிளிக் செய்யத்தான் போகிறீர்கள். அன்றைக்குச் சேதம் குறைவாக இருக்க இன்றே செய்ய வேண்டியவை முதலில். மோசமான மெயிலை அடையாளம் காண்பது அதற்கு அப்புறம். விண்டோஸ் கணினியும் ஜிமெயிலும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலானவர்களிடம் இருப்பது அவைதான்.

முதலில் பேக்கப்

ஆன்டிவைரஸிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் பேக்கப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். மெயில் வழியாக வருபவற்றில் ஒரு கடையை அடியோடு முடக்கிப்போடுவது ரான்சம்வேர். அது உங்கள் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும். வேறொரு இடத்தில் பிரதி இருந்தால் ஒரு நாள் வேலை கெடுவதோடு போகும். இல்லாவிட்டால் பத்து வருஷக் கணக்கும் போய்விடும்.

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை அதைச் செருகி, முக்கியமான ஃபோல்டர்களைப் பிரதி எடுத்து, முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றி வைப்பதுதான் இதில் முக்கியம். ரான்சம்வேர் அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவ்களையும் தேடிப் பூட்டும். எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்டு டிஸ்க் அதற்கு இன்னொரு டிரைவ்தான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றிலும் பூட்டப்பட்ட ஃபைல் நல்ல ஃபைலின் மேல் போய் உட்கார்ந்துவிடும். கூகுள் டிரைவில் பழைய பதிப்பு 30 நாள் இருக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் ஆயிரம் ஃபைலை ஒவ்வொன்றாக மீட்க நேர்ந்தால் பெரும் பாடு.

எதையெல்லாம் பிரதி எடுப்பது? ஆவணங்கள், படங்கள், கணக்கு எழுத டேலி வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் வைத்திருந்தால் அதன் மெயில் ஃபைல். டிடிபி வேலை செய்பவர்கள் ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை ஃபைல் பத்திரமாக இருந்து, அந்த எழுத்துரு மட்டும் போய்விட்டால் திரையில் வருவது வெறும் கிறுக்கல்தான். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி இருப்பவர்கள் நிறையப் பேர்.

விண்டோஸில் ஒருமுறை செய்து வைக்க வேண்டியவை

'ஐ லவ் யூ' ஃபைலின் உண்மையான பெயர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்' என்று முடிந்தது. ஆனால் பெயரின் கடைசி ஒட்டை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், பார்த்தவர்கள் கண்ணுக்கு அது சாதாரண எழுத்து ஃபைலாகத் தெரிந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் அந்த ஒட்டை இயல்பாக மறைத்துத்தான் வைக்கிறது. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதை நீங்களே மாற்றுங்கள். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே அதற்கான கட்டம் இருக்கும்.

இனி 'பில் டாட் பிடிஎஃப்' என்று ஏமாற்றிய ஃபைல், 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று தன் முழுப் பெயரைக் காட்டும். கடைசி ஒட்டு மட்டும்தான் கணக்கு. இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், பிஏடி, எம்எஸ்ஐ, எச்டிஏ, இவற்றில் ஏதாவது ஒன்றில் முடிந்தால் அது ஆவணமே இல்லை, இயங்கக்கூடிய நிரல். ஐஎஸ்ஓ என்று முடிந்தால் அது ஒரு சிடி மாதிரி திறந்து, உள்ளே இருப்பதைக் காட்டும். பில் அனுப்ப யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஷார்ட்கட் ஃபைல்களின் எல்என்கே என்ற ஒட்டை, இந்த அமைப்பை மாற்றிய பிறகும் விண்டோஸ் காட்டாது. சில எழுத்துக் குறிகளைப் பயன்படுத்தி ஃபைல் பெயரின் வால்பகுதியைத் திருப்பிப் போட்டுக் காட்டும் தந்திரமும் உண்டு. அதற்கு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 'வியூ' போய் 'டீடெய்ல்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'டைப்' என்று ஒரு பத்தி வரும். பயோடேட்டா என்று வந்த ஃபைலுக்கு நேராக 'அப்ளிகேஷன்' என்றோ 'ஷார்ட்கட்' என்றோ இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

அடுத்து அப்டேட். வெறும் மெயிலைப் பார்த்தாலே வைரஸ் வந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். இன்றைய ஜிமெயிலில், அப்டேட் செய்த பிரவுசரில், அப்படி நடப்பது மிக அரிது. ஆனால் 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் அடைத்த ஓர் ஓட்டை அந்த ரகம்தான்: மெயில் வந்து விழுந்தாலே போதும், எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் மெயிலை நம்பிப் பரவியதல்ல. விண்டோஸின் நெட்வொர்க் ஓட்டை வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். 'செட்டிங்ஸ்' போய் 'விண்டோஸ் அப்டேட்' திறந்து, காத்திருப்பதை எல்லாம் போட்டு விடுங்கள். பிரவுசரையும் அப்படியே.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும். உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால், தூக்கிப் போட வேண்டாம். அதற்கு ஒரு வழி கீழே ஜெராக்ஸ் கடைப் பகுதியில் இருக்கிறது.

ஆன்டிவைரஸைப் பொறுத்தவரை, புதிதாகக் கணினி பழகுபவர்களுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்குவது தப்பில்லை. ஆனால் லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, மூலையில் சிவப்பு எச்சரிக்கை காட்டிக்கொண்டே கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து எல்லாம் பச்சை டிக்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஆன்டிவைரஸ் வேண்டாம். ஒன்றை ஒன்று தடுத்துக் கணினியை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க 'ஐகார்' என்ற அமைப்பு வெளியிட்ட சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. அதை டவுன்லோடு செய்ய முயன்றால் ஆன்டிவைரஸ் பாய்ந்து பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். திருட்டு விண்டோஸ், திருட்டு ஆஃபீஸ் போடும் 'ஆக்டிவேட்டர்'கள் செய்யச் சொல்லும் முதல் காரியமே டிஃபெண்டரை அணைப்பதுதான். அப்படிப் போட்ட கணினிக்கு இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எதுவும் பெரிதாக உதவாது. ஆஃபீஸ் விலைதான் பிரச்சினை என்றால் லிப்ரே ஆஃபீஸ் இலவசம். கடிதமும் பில்லும் அடிக்க அது தாராளமாகப் போதும்.

அதே 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில், வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்தால், முன்பின் தெரியாத நிரல்கள் உங்கள் ஆவண ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில சமயம் நல்ல மென்பொருளையும் தடுத்துவிடும். பழைய மென்பொருள் ஏதாவது 'சேமிக்க முடியவில்லை' என்று முரண்டு பிடித்தால், அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

கடைசியாக, நீங்கள் தினமும் நுழையும் கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்காக இருக்க வேண்டாம். வைரஸ் இயங்கும்போது உங்களுக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம்தான் அதற்கும் கிடைக்கும். 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' என்று போய் இரண்டாவதாக ஒரு கணக்கு உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதன் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குள் நுழைந்து, உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றுங்கள். இனி எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமானால் கணினி அந்த இரண்டாவது பாஸ்வேர்டைக் கேட்கும். நீங்கள் எதுவும் இன்ஸ்டால் செய்யாதபோது திடீரென்று கேட்டால், சற்று முன் திறந்த மெயில் ஃபைல் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

மெயில் கணக்குக்கு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு செல்போன் வழியாகவும் உறுதி கேட்பது) ஆன் செய்யுங்கள். அப்போது கிடைக்கும் 10 பேக்கப் எண்களைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். கணக்குக்குள் புகுந்தவர்கள், வரும் மெயில் எல்லாம் தங்களுக்கும் ஒரு பிரதி வரும்படி இங்கேதான் சத்தமில்லாமல் எழுதி வைப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

அட்டாச்மென்ட் வந்தால்

டவுன்லோடு செய்வதற்கு முன் பிரவுசரிலேயே பாருங்கள். ஜிமெயிலில் அட்டாச்மென்ட்டைக் கிளிக் செய்தால் திரையில் விரிகிறதே, அது கூகுளின் கணினியில் திறக்கப்பட்டு உங்களுக்குப் படமாகத் தெரிகிறது. உங்கள் கணினியில் எதுவும் இயங்குவதில்லை. வேர்டு, எக்செல் ஃபைல்களையும் கூகுள் டாக்ஸில், ஷீட்ஸில் திறந்து படித்துவிடலாம்; உள்ளே இருக்கும் மேக்ரோ அங்கே ஓடாது. வருவதில் பெரும்பாலானதைப் படித்தால் மட்டும் போதும் என்பதால் இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

மேக்ரோ என்பது வேர்டு, எக்செல் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன நிரல். 1999 மார்ச்சில் வந்த மெலிசா வைரஸ் ஒரு வேர்டு ஃபைல்தான். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை இயல்பாகவே தடுப்பது என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2022-இல். இருபத்து மூன்று வருஷம்! பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. எந்தப் பதிப்பாக இருந்தாலும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: 'இந்த ஆவணத்தைப் பார்க்க எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்' என்றோ, 'ப்ராப்பர்டீஸ் போய் அன்பிளாக் செய்யவும்' என்றோ ஒரு ஆவணமே உங்களுக்குப் பாடம் எடுத்தால், அதை மூடிவிடுங்கள். நேர்மையான பில்லுக்கு அந்த வேலை கிடையாது.

பூட்டிய ஜிப் ஃபைலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிமெயில் தன் வழியே போகும் அட்டாச்மென்ட்டுகளைச் சோதிக்கிறது. இஎக்ஸ்இ மாதிரியானவற்றை ஜிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் தடுக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்புக்குள் அதனால் எட்டிப் பார்க்க முடியாது. எனவே 'பாஸ்வேர்டு 1234' என்று அதே மெயிலில் எழுதி ஒரு ஜிப் வந்தால், அந்தப் பூட்டு ஜிமெயில் உள்ளே பார்க்காமல் இருப்பதற்காகப் போட்டது. அப்படியானால் வங்கியும் பூட்டிய ஸ்டேட்மென்ட்தானே அனுப்புகிறது என்று கேட்கலாம். அங்கே வருவது பிடிஎஃப். மெயிலில் இருப்பது பாஸ்வேர்டும் அல்ல. 'உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும்' என்பது போன்ற சூத்திரம் மட்டும். விடை உங்களிடம் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

எச்டிஎம்எல் என்று முடியும் அட்டாச்மென்ட், பிரவுசரில் ஒரு போலி லாகின் பக்கத்தைத் திறக்கும். 'ஆவணத்தைப் பார்க்க உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்' என்று கேட்கும். எஸ்விஜி என்று முடியும் 'படம்' செய்வதும் பெரும்பாலும் இதையேதான்.

சரி, மெயிலின் மொழியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா? எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்வார்கள். இப்போது ஏஐ எழுதித் தருவதால் போலி மெயில் நம்முடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. பங்களாதேஷ் மத்திய வங்கிக் கதை இதற்குப் பொருத்தம். 2015-இன் தொடக்கத்தில் அந்த வங்கி ஊழியர்கள் சிலருக்கு வேலை கேட்டு ஒரு பணிவான மெயில் வந்தது. பயோடேட்டாவை டவுன்லோடு செய்துகொள்ள ஒரு லிங்க். ஊழியர்கள் அழுத்தினார்கள். மெயில் அனுப்பிய திருடர்கள் ஓர் ஆண்டு உள்ளேயே பதுங்கியிருந்துவிட்டு, 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலரை மணிலாவுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். இலங்கையில் ஒரு அமைப்பின் பெயருக்கு அனுப்பிய இன்னொரு 2 கோடி டாலர் மட்டும் வழியில் நின்றது. காரணம் எழுத்துப் பிழை: 'ஃபவுண்டேஷன்' என்பதற்கு 'ஃபேண்டேஷன்' என்று அடித்துவிட்டார்கள். பிழை பணம் மாற்றும் உத்தரவில் இருந்தது. மாட்டவைத்த அந்த முதல் மெயிலில் சந்தேகம் வரும்படி யாருக்கும் எதுவும் படவில்லை.

இன்னொரு ரகம் இதைவிட மோசம். எமோடெட் என்ற வைரஸ் குடும்பம் ஒருவர் கணினிக்குள் புகுந்து அவருடைய பழைய மெயில்களை எடுத்து, நடந்துகொண்டிருந்த உரையாடலுக்குப் பதில் எழுதுவது போலவே அட்டாச்மென்ட் அனுப்பும். நீங்கள் போன வாரம் கேட்ட கொட்டேஷனுக்கு, அதே தலைப்பில், அவர் பெயரிலேயே பதில் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? 2014 முதல் திரிந்த அதைப் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து 2021 ஜனவரியில் முடக்கியது. அதே வருஷம் நவம்பரில் திரும்பி வந்துவிட்டது. இதற்கு ஒரே மருந்து ஃபோன். "சார், இப்போ ஒரு ஜிப் அனுப்பினீங்களா?" என்று கேட்க அரை நிமிஷம் போதும். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தாலும் இதே விதி.

லிங்க் வந்தால்

கணினியில் லிங்க் மேல் மவுஸை வைத்தால், கிளிக் செய்யாமலே, அது போகும் முகவரி கீழே மூலையில் தெரியும். செல்போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். முகவரியை இடமிருந்து படிப்பதால்தான் ஏமாறுகிறோம். 'எச்டிடிபிஎஸ்' என்ற தொடக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் 'டாட் கவ் டாட் இன்' இருந்தால் அது இந்திய அரசுத் தளம். வேறு யாருக்கும் அந்த முகவரி தருவதில்லை. 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முன்னால் எழுதிவிட்டு, சாய்கோட்டுக்கு முன்னால் வேறு ஏதோ பெயரும் 'டாட் காம்' என்பதும் இருந்தால், அது அந்த வேறு ஏதோ பெயர்க்காரரின் தளம். இந்திய வங்கிகளுக்கும் இப்போது தனி முகவரி உண்டு: 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

வருமான வரி நோட்டீஸ், ரீஃபண்டு என்று வரும் மெயில்களுக்குப் பலர் பதறிப்போய் உடனே அழுத்திவிடுகிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறையின் கடிதங்களுக்கு 'டின்' என்ற ஆவண எண் போடும் நடைமுறை இருக்கிறது. துறையின் இ-ஃபைலிங் தளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போய், அந்த எண்ணைக் கொடுத்து, நோட்டீஸ் உண்மையா என்று பார்க்கலாம். மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடவே தேவையில்லை.

2024 முதல் அதிகமாகப் பரவும் ஒரு தந்திரத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். லிங்க்கை அழுத்தினால் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். படத்தில் பஸ்ஸைத் தேடச் சொல்வதற்குப் பதிலாக, விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்துவிட்டது. நீங்களே அதை ஒட்டி, நீங்களே இயக்குகிறீர்கள். நீங்களே செய்யும் வேலை என்பதால் ஆன்டிவைரஸும் சில சமயம் வழிவிட்டுவிடும். எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு

வாடிக்கையாளர் மெயிலைத் திறக்கும் கணினியும், நீங்கள் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் கணினியும் வேறு வேறாக இருக்க வேண்டும். இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுவிடுங்கள், இலவசம்தான். மெயிலில் வரும் வைரஸ்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை, அங்கே அவை ஓடாது. உங்கள் பிரின்டர் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல்கள் தகராறு செய்யும்.

ஒரே கணினிதான் இருக்கிறது என்றால், கடை வேலைக்கென்று ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு, உங்களுக்கென்று இன்னொரு கணக்கு. கடைக் கணக்கில் எந்தப் பாஸ்வேர்டையும் பிரவுசரில் சேமிக்காதீர்கள். கடைக்கென்று தனி ஜிமெயில் முகவரி ஒன்று வைத்து அதையே போர்டில் எழுதுங்கள். வரும் பிடிஎஃப்பைப் பிரவுசரிலிருந்தே பிரின்ட் கொடுங்கள். வேர்டு ஃபைல் வந்தால் "பிடிஎஃப்பா மாத்தி அனுப்புங்க, எழுத்து கலையாம வரும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், வாடிக்கையாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

வாடிக்கையாளர் தன் சொந்த ஜிமெயிலை உங்கள் கணினியில் திறக்க வேண்டும் என்றால், பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' அல்லது 'பிரைவேட்' விண்டோ திறந்து கொடுத்து, முடிந்ததும் நீங்களே மூடுங்கள். மறந்து அப்படியே போகிறவர்கள்தான் அதிகம்.

கிளிக் செய்துவிட்டால்

கறுப்பாக ஒரு சின்னத் திரை மின்னி மறைந்தது. ஃபைல் திறக்கவே இல்லை. அல்லது திறந்த பிறகு கணினி விசித்திரமாக நடந்துகொள்கிறது. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் என்றால் பிடுங்குங்கள். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

அடுத்து, பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள், உங்கள் செல்போன் போதும். அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் திருடர்கள் கைக்கே போகும். மெயில் பாஸ்வேர்டு முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அதற்குத்தான் வரும். வங்கி அதற்கு அடுத்தது. மாற்றியதோடு விடாமல், கூகுள் கணக்கில் 'யுவர் டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். இப்போதைய திருட்டு நிரல்கள், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் பிரவுசரின் குக்கீகளை (நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சின்ன அடையாளச் சீட்டுகள்) திருடிக்கொண்டு போகின்றன. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

பிறகு கணினிக்கு வாருங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும் என்பதால் ஒளிந்திருப்பதும் அகப்படும். அதற்கு அப்புறமும் சந்தேகம் இருந்தால் நான் மல்லுக்கட்ட மாட்டேன். 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன்.

ஃபைல்கள் பூட்டப்பட்டு, பணம் கேட்டு அறிவிப்பு வந்துவிட்டதா? பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் திறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டிய ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் எந்த வகை என்று சொல்லும். சில வகைகளுக்கு அங்கே இலவசத் திறவுகோல் உண்டு. இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பின்னால் திறவுகோல் வெளிவருவதும் உண்டு.

இந்தியாவில் இருப்பவர்கள், கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்கி வைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று தள்ளாதீர்கள். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகார் பதியலாம். அந்த மெயிலை அழித்துவிட வேண்டாம், புகாருக்குத் தேவைப்படும்.

உங்கள் முகவரிப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், மெயிலில் இல்லாமல் வாட்ஸ்அப்பிலோ ஃபோனிலோ. "இன்று என் மெயிலிலிருந்து ஏதாவது ஃபைல் வந்தால் திறக்க வேண்டாம், நான் அனுப்பவில்லை" என்று ஒரு வரி போதும்.

புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது அவசரம் வேண்டாம். முதலில் அப்டேட்டுகளை முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் டிஸ்க்கைச் செருகி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள்களை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள்; பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து வைத்தால், வந்த வினையும் அதற்குள்ளேயே இருக்கலாம்.